எழுபதுக்குக் கீழே

ஒன்பது வயதிலிருந்தே பெண்பிள்ளை ஒருத்தி தன் உயிருக்குத் தானே கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் பூரித்துப்போவது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அவளே விரல்ல குத்திப் பாத்துக்குவா, அவளே ஊசி போட்டுக்குவா, நமக்கு ஒரு தொந்தரவும் கிடையாது" என்று பள்ளியில் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி வைக்க வருகிறவரை அவள் கைகாட்டித் தடுத்தால், பக்கத்து இலைக்காரர் "எவ்வளவு வெவரம் பாருங்க" என்று மெச்சுகிறார். என் தங்கை மகள் அவள். நான்காம் வகுப்பில் இருந்தபோது டைப் ஒன் நீரிழிவு என்று தெரிந்தது. இப்போது ஏழாம் வகுப்பு. மெச்சுகிறவர்கள் யாரும் மனசில் விகல்பம் உள்ளவர்கள் இல்லை. ஆனாலும் அந்த மெச்சுதலில் ஒரு அப்பாடா கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். பிள்ளை பார்த்துக்கொள்கிறாள், ஆகவே நாம் பார்க்க வேண்டியதில்லை. கெட்டிக்காரி என்று ஒருமுறை பட்டம் கட்டிவிட்டால் அதற்கப்புறம் அவள் ஒருநாள்கூட அசந்துபோக முடியாது. மற்ற பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டு வருவார்கள், திட்டு வாங்குவார்கள், மறுநாள் கொண்டுவருவார்கள். மறப்பதற்கும் திட்டு வாங்குவதற்கும் மறுநாள் சரியாகிவிடுவதற்கும் இடம் இருப்பதைத்தானே நாம் சிறுபிராயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

காலையில் அவள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சோப்புப் போட்டுக் கைகழுவி நன்றாகத் துடைக்கிறாள். ஈரம் இருந்தால் எண் தப்பாக வரும். விரல் நுனியின் நடுவில் குத்தமாட்டாள், ஓரத்தில்தான் குத்துவாள், நடுவில் குத்தினால் பேனா பிடிக்கும்போது வலிக்கும். கடுகளவு ரத்தம் ஊறியதும் ஸ்ட்ரிப்பின் முனையைத் தொட்டுக்கொடுக்கிறாள். அது தானாக உறிஞ்சிக்கொள்கிறது. மீட்டர் ஐந்திலிருந்து இறங்கி எண்ணி ஒரு எண்ணைக் காட்டுகிறது. அதற்குப் பிறகு அவள் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறாளே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. இப்போது எவ்வளவு, சாப்பிடப்போவது என்ன, இன்றைக்கு பி.டி. பீரியட் உண்டா, நேற்று ராத்திரி எவ்வளவு காட்டியது, சளி பிடித்திருக்கிறதா, எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி எத்தனை யூனிட் என்று ஒரு முடிவுக்கு வருகிறாள். இட்லியை எண்ணலாம், தோசையை எண்ணலாம். உப்புமாவை எண்ண முடியாது; கரண்டி போடுகிறவரின் கைத்தாராளத்தைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டத்தை நான் மனசார வரவேற்கிறவள். விடிந்ததும் வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பது எங்கள் தெருவிலேயே தெரியும். ஆனால் இன்சுலின் போட்ட பிள்ளைக்குச் சாப்பாடு என்பது முதலில் ஒரு நேரம், அப்புறம்தான் ருசியும் சத்தும். அரசு மருத்துவமனையில் தருகிற சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரைமணி முன்னால் போட வேண்டும். உள்ளே போன மருந்து யாருக்காகவும் காத்திருக்காது. வீட்டில் போட்டு அனுப்பி, அன்றைக்குப் பார்த்துப் பள்ளியில் அடுப்புப் பற்றவைக்கத் தாமதமானால், பிள்ளை பிரேயரில் வெயிலில் நிற்கும்போதே அது தன் வேலையைத் தொடங்கிவிடும். பள்ளிக்குப் போய்ப் போட்டுக்கொள் என்றால் எங்கே, யார் எதிரில், மருந்துக் குப்பியை எதில் வைத்து. தங்கை யோசித்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்பினாள். மற்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கலும் சாம்பாரும் சாப்பிடும்போது இவள் தூணோரம் நின்றுகொண்டிருப்பாளாம். பசித்த பிள்ளைகளுக்காகப் போட்ட பந்தி அது. பசிக்கு மணிக்கணக்கு வைத்துக்கொண்டு வருகிற ஒரு பிள்ளையும் அந்த வரிசைக்கு வரும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எழுபது என்பது அவர்கள் வீட்டில் சாமி பெயர்போல அடிக்கடி காதில் விழுகிற எண். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது 'லோ'. இன்சுலின் சற்றுக் கூடிவிட்டாலோ, சாப்பாடு தள்ளிப்போனாலோ, கொஞ்சம் ஓடி ஆடிவிட்டாலோ இறங்கும். ஆடி முடித்து மணிக்கணக்கான பிறகுகூட இறங்கும். கை நடுங்கும், பின்கழுத்தில் வியர்க்கும், வயிற்றைக் கிள்ளும் பசி வரும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். சமயத்தில் கண்மண் தெரியாத கோபம் வரும். வகுப்பறையில் இதில் எதுவும் நோயாகத் தெரியாது. தூங்கி வழிகிறாள், கவனம் இல்லை, எதிர்த்துப் பேசுகிறாள், என்ன திமிர் என்றுதான் தெரியும். இதில் எனக்குப் பெரிய பயம் எது என்றால், இறங்குவதை உணர்ந்து எழுந்து நின்று சொல்ல வேண்டிய மூளைதான் அப்போது மங்கத் தொடங்குகிறது. "அவளே பார்த்துக்குவா" என்கிற ஏற்பாடு, தேவையில்லாத நேரமெல்லாம் அழகாக ஓடிவிட்டு, தேவைப்படுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் படுத்துவிடுகிற ஏற்பாடு. செய்ய வேண்டியதோ சின்னக் காரியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளூக்கோஸ் கொடுத்து, கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். சாக்லேட் அவ்வளவு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108க்குச் சொல்ல வேண்டும். நல்ல மனசு உள்ள ஒருவர் பதறிப்போய் மயங்கிய பிள்ளையின் வாயில் சோடாவை ஊற்றிவிடக்கூடும் என்பதால்தான் நல்ல மனசை மட்டும் நம்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தங்கைக்குத் தைரியம் வருவதில்லை.

அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பையிலிருந்து குளூக்கோஸ் பொடியை எடுத்து வாயில் கொட்டிக்கொண்டாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், அவ மட்டும் திங்கிறா" என்றான். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. யாராவது கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வந்து பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தால் இவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள், சாப்பிடக்கூடாதாம். மறுநாள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இவள் மட்டும் இனிப்புச் சாப்பிடுகிறாள், சாப்பிட்டே ஆகவேண்டுமாம். பத்து மணிக்கு ஆகாதது பதினொரு மணிக்கு மருந்தாகிறது. பெரியவர்களுக்கே பிடிபடாத இந்த முறையை யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்குப் புரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விசித்திரங்கள் பிடிக்கும். டீச்சர் அன்றைக்கு அவனிடம், "அவளுக்கு உடம்பு சரியில்லடா, நீ பேசாம உக்காரு" என்றார். அன்று மத்தியானமே ஒட்டிக்கொள்கிற வியாதி என்று வகுப்பில் பேச்சாகிவிட்டது. ஒரு அம்மா தன் மகளை இடம் மாற்றி உட்காரவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்ததாகப் பின்னால் தெரிந்தது.

ஊசி போட்டுக்கொள்ள அவள் தேர்ந்தெடுத்த இடம் கழிப்பறை. யாரும் அங்கே போகச் சொல்லவில்லை என்பதைப் பள்ளியின் சார்பாகச் சொல்லிவிட வேண்டும். வேறு இடம் எது என்றும் யாரும் சொல்லவில்லை. வயிற்றில், தொடையில், மேல்கையில் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. சீருடைச் சுடிதாரோடு பன்னிரண்டு வயதுப் பெண் வகுப்பில் உட்கார்ந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. தகரக் கதவில் தாழ்ப்பாள் பாதி விழும், பாதி விழாது. வாளியில் தண்ணீர் இருந்தால் உண்டு. பினாயில் நெடிக்கு நடுவில் இன்சுலினுக்கே உரிய அந்த ஆஸ்பத்திரி வாடை. ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் கோடு வரைக்கும் இழுக்க வேண்டும். நம் நாட்டில் குப்பி இன்சுலினில் 40 யூனிட் கணக்கும் உண்டு, 100 யூனிட் கணக்கும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும். இத்தனையும் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே மற்ற பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது. "நேரம் ஆயிடும்னு சில நாள் போடாம வந்துருவேன் பெரியம்மா, வீட்ல சொல்லிறாதீங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளையின் கணக்கில் இப்படிச் சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை நாள் ஆனது.

ஒளித்துச் செய்வது கழிப்பறையில் தொடங்கவில்லை, வீட்டில்தான் தொடங்கியது. நோய் இன்னதென்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே என் தங்கையின் மாமியார், "பொம்பளப் பிள்ள, வெளிய மூச்சு விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் பேத்தியின்மேல் உயிரையே வைத்திருப்பவர். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத அந்த முதல் கோடையில் பெரிய பானைக்குள் ஈரமணல் போட்டு அதற்குள் சின்னப் பானை வைத்து மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியாகக் காப்பாற்றியவர் அவர்தான். விடிய எழுந்ததும் மணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வாசலுக்கே தெளிப்பார். கல்யாணப் பேச்சு வரும்போது என்ன ஆகுமோ என்கிற பயம் அவருக்கு. தங்கையின் கணவருக்கு வேறு பயம். சொன்னால் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்களோ என்று. இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் மற்ற பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார். ஆக, தெரிந்தால் விலக்கிவிடுவார்கள் என்று வீடு மறைக்கிறது, வீடு முறையாகச் சொல்லாததால் பள்ளி ஒன்றும் செய்யாமல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறாள். இதை நம் ஊர்ச் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்குப் பதினொரு வயதில், 1919இல், இந்த நோய் வந்தது. அன்றைய ஒரே வைத்தியமான பட்டினியால் இருபது கிலோவுக்கு வற்றிப்போய், 1922 ஆகஸ்டில் டொரான்டோவுக்குப் போய் இன்சுலின் பெற்றுப் பிழைத்தவர். அதற்கப்புறம் 1981 வரை வாழ்ந்தார். அந்த நீண்ட வாழ்க்கையில் தனக்கு நீரிழிவு இருப்பதை மிகச் சிலரைத் தவிர யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டார். அப்பாவின் பதவியும் செல்வமும் உள்ள ஒரு பெண்ணுக்கே ஒளித்துவைக்கத் தோன்றியிருக்கிறது என்றால், மாமியாரின் பயத்தை வெறும் பத்தாம்பசலித்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறர் பார்வையில் 'சீக்காளி' ஆகிவிடாமல் இருப்பதற்காக எலிசபெத் கொடுத்த விலை என்னவாக இருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது என்பது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1922 ஜனவரியில் டொரான்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பியதே அரிது. மருத்துவம் பிள்ளையைப் பிழைக்கவைத்துக் கொண்டுவந்து வகுப்பு வாசலில் விட்டுவிட்டுப் போயிற்று. தலசீமியாவுக்கு மாதம் ஒன்றோ இரண்டோ முறை ரத்தம் ஏற்றிக்கொள்கிற பிள்ளை, வாதக் காய்ச்சலில் இதய வால்வு பழுதாகி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்குப் போகிற பிள்ளை, சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் ஊதிப்போய் அதற்கொரு பட்டப்பெயரும் வாங்கிக்கொண்ட பிள்ளை, வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற கூட்டத்துக்கு நடுவே கண்விழிக்கிற பிள்ளை, இவர்களெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே ஒரு வெற்றிதான். அந்த வெற்றிக்குப் பிந்தைய கதையைப் பள்ளிக்கூடம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. ஆண்டுவிழாக்களில் ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கைதட்டலோடு மேடையேறி ஒரு எவர்சில்வர் டப்பாவோ டிக்‌ஷனரியோ வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்தப் பரிசு உண்மையில் எதைப் பாராட்டுகிறது? காய்ச்சலோடு வந்து பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டவைத்த பையன் அதை வாங்கிவிடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் இடுப்பு வலியோடு வந்து உட்கார்கிற பையன் பத்து வருஷம் படித்தாலும் வாங்க முடியாது. யாருக்கும் கெடுதல் நினைக்காமல் உண்டான பரிசு அது. எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது, அந்தக் கோபம் அளவுக்கு மீறியது என்றும் தெரிகிறது.

சர்க்கரை நோய் தெரியாத ஊரா நம் ஊர் என்று ஒரு கேள்வி வரலாம். தெரிந்ததுதான் சங்கடமே. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அதில் ஏறக்குறைய எல்லோரும் பெரியவர்கள், டைப் டூ. இருபது வயதுக்குக் கீழே டைப் ஒன் உள்ளவர்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீடு. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறவர்கள். அவர்களிடம் போய் "என் மகளுக்கு சுகர்" என்று சொன்னால் உடனே மேசையைச் சுற்றி நாலு வைத்தியம் கிளம்பும். வெந்தயத்தை ஊறவையுங்கள், பாகற்காய் ஜூஸ் கொடுங்கள், ஆவாரம்பூக் கஷாயத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு ஊசியே நின்றுவிட்டது. டைப் டூவில் உடம்பு இன்சுலினைச் சுரந்தும் அது சரியாக வேலை செய்யாமல் போகிறது, மெள்ளச் சுரப்பும் குறைகிறது. இந்தப் பிள்ளைகளுக்குச் சுரக்கிற செல்களையே உடம்பின் எதிர்ப்பாற்றல் அழித்துவிட்டது. பாகற்காயால் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது; ஊசியை நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்காது. பெரியவர்களின் நோயில் பயம் ஏறுவதைப் பற்றியது, வருஷக் கணக்கில் வருவது. பிள்ளைகளின் நோயில் பயம் இறங்குவதைப் பற்றியது, அடுத்த பீரியடுக்குள் வந்துவிடுவது. அதனால்தான், தன் உடம்பின் அனுபவத்தை வைத்துக்கொண்டு அன்பாக ஒரு ஆசிரியர், "இனிப்பையே தொடாத கண்ணு" என்று சொல்லி அவள் பையிலிருந்த குளூக்கோஸ் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்றுமே தெரியாதவராக இருந்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். நவம்பர் 14 இன்சுலினைக் கண்டறிந்த பிரெடெரிக் பான்டிங்கின் பிறந்தநாள், ஆகவே உலக நீரிழிவு நாள். நம் பள்ளிகளில் அன்றைக்குக் குழந்தைகள் தினம். இரண்டும் ஒரே தேதியில் வந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமலே போய்க்கொண்டிருக்கின்றன. காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுக்கிறோம்.

இத்தாலியில் பார்மா என்ற ஊர்ப்பக்கம் தொண்ணூறுகளில் மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிகளில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று படுக்கையை நனைக்கிறதா, நிறையத் தண்ணீர் குடிக்கிறதா, நிறையச் சிறுநீர் போகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் கண்டுபிடிக்கப்படுகிற குழந்தைகள் அதற்கு முன்னால் நூற்றுக்கு 78 பேர். சுவரொட்டிக்குப் பின் 12.5 ஆகக் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது, எங்கள் பிள்ளைக்கு நோய் தெரிவதற்கு முந்தைய வாரங்களில் அவள் "மிஸ், ஒண்ணுக்கு" என்று விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தாள் என்பதும், ஒருநாள் அதற்காக வெளியே நிற்கவைக்கப்பட்டாள் என்பதும். அந்த டீச்சருக்கும் யாரும் சுவரொட்டி காட்டியிருக்கவில்லை. நம்மிடம் தாள்கள் இல்லாமல் இல்லை. 2017இல் சி.பி.எஸ்.இ. தன் பொதுத்தேர்வுகளில் நீரிழிவு உள்ள மாணவர்கள் மிட்டாய், பழம், சாண்ட்விச், தண்ணீர் கொண்டுவர அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைப் பட்டியலில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் இடம்பெற்றன, டைப் ஒன் இடம்பெறவில்லை. இடம்பெற்றால் பெண்பிள்ளைக்கு அந்த முத்திரை வேறு வந்து சேருமே என்று பதறுகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நோயுள்ள மாணவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்வதைப் பள்ளியின் கடமையாகவே ஆக்கிவிட்டது. இங்கே நம் தாள்கள் பெரும்பாலும் 'அனுமதி' என்று பேசுகின்றன. அனுமதி பிள்ளையைப் பார்த்துச் சொல்வது: நீ செய்துகொள், தடுக்கமாட்டோம். பக்கத்தில் நிற்க வேண்டியது யார் என்று அது சொல்வதில்லை. ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கல்வித்துறையின் எமிஸ் செயலியில் பதிவேற்றவும் செய்கிற ஒருவரைப் பார்த்து நீதான் என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்று அவர்கள் கேட்பது சாக்கு மட்டும் இல்லை, அவர்கள் கையில் எழுத்தாக எதையும் யாரும் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியில் பக்கத்தில் வந்து நின்றது இன்னொரு பிள்ளைதான். இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்கிறவள். பாடம் எதுவும் யாரும் எடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது: இவள் காரணமில்லாமல் சண்டை பிடித்தால் பதில் சண்டை போடாமல் பையைத் திறந்து குளூக்கோஸைக் கொடுக்க வேண்டும் என்று. "அவ என்னை நாயேன்னா உடனே முட்டாய் குடுத்துருவேன் பெரியம்மா, அப்புறம் பத்து நிமிசம் கழிச்சு சாரி கேப்பா" என்று சொல்லிவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுமந்ததை இப்போது இரண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சுமக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தத் தோழி லீவு போட்டால்? அவர்கள் இருவருக்கும் நிஜமாகவே சண்டை வந்தால்? தோழமையை இப்படிக் கணக்குப் பார்ப்பது அற்பத்தனமோ என்றும் ஒரு பக்கம் கூசுகிறது. அந்தப் பெண் ஒன்றையும் சுமையாக நினைக்கவில்லை, நான்தான் நினைக்கிறேன். சத்துணவுக் கூடத்து ஆயா ஒருவர் உண்டு. அவருக்கே நீரிழிவு, இன்சுலின் போடுகிறவர், லோ என்றால் என்னவென்று உடம்பாலேயே அறிந்தவர். டப்பா நிறையச் சர்க்கரையை ஜன்னல் மாடத்தில் இவளுக்கென்று வைத்திருக்கிறார். சோறு வெந்து இறக்குகிற நேரத்தைப் பெஞ்சுத் தோழியிடம் சொல்லி அனுப்புவார், ஊசியை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளச் சொல்லி. பள்ளியில் யாருடைய பொறுப்புப் பட்டியலிலும் இல்லாத ஏற்பாடு. அவர் ஓய்வுபெறுகிற வயதை நெருங்கிவிட்டார்.

இந்த ஜனவரியில் தஞ்சாவூருக்கு ஒருநாள் சுற்றுலா என்று நோட்டீஸ் வந்தது. விடியற்காலை பஸ் ஏறி ராத்திரி திரும்புவது. கீழே, வழியில் ஏதும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல என்று வழக்கமான வரி. தங்கையின் கணவர் போகவேண்டாம் என்றார், பிள்ளை அழுதாள், மாமியார் தானும் கூடப் போகிறேன் என்று புடவையை எடுத்து வைத்தார். கிழவி பஸ்ஸில் வந்தால் மானமே போய்விடும் என்று பிள்ளை அதற்கும் அழுதாள். தங்கை என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மாமியார் சொன்னதை மீறி, நோயின் பெயரைச் சொல்லி, மீட்டரையும் சிரிஞ்சையும் தலைமையாசிரியை மேசையிலேயே எடுத்து வைத்துப் பேசினாள். தலைமையாசிரியை சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். வகுப்பு டீச்சர் சின்ன வயசு, சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவர் மேசையிலிருந்த சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் பஸ் எங்க நிக்கும்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடின்னா, ஓட்டல் வாசல்ல எறங்கினதும் போடணுமா, இல்ல பஸ்ஸுக்குள்ளயா?" என்று கேட்டார். சாப்பாடு முன்னால் வந்த பிறகு போட்டாலும் பரவாயில்லை, தாமதமாகப் போடுவது போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதைவிட மேல் என்றாள் தங்கை. "ஊசி நான் போடக் கத்துக்கணுமா?" "வேணாம் டீச்சர், அவளே போட்டுக்குவா. இழுத்தது சரியான கோட்டுக்கு இருக்கான்னு நீங்க ஒருவாட்டி பாத்துச் சொன்னாப் போதும்." டீச்சர் சிரிஞ்சை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கோடுகள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, எட்டும் பத்தும் ஒன்றுபோலத் தெரிகிறது, இதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை தினமும் எப்படிப் பார்க்கிறது என்று கேட்டார். மேலிடத்து அனுமதி இதை எழுதும்வரை வரவில்லை. பஸ் வாடகைக்கான பணத்தை மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.